கரிச்சானுக்கு வைக்காத உப்பு

கரிச்சானுக்கு ஒன்பது நாளாக உப்பு வைக்கவில்லை என்ற விஷயம், பந்தயத்தன்று காலை பத்தரை மணி வரைக்கும் உலகத்தில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். வைக்காதவளே அவள்தான். பெயர் முத்துத்தாய். எனக்குத் தங்கச்சி முறை. அதனால் நான் அவளுக்காகப் பேசுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாதி ஊரைப் போல எனக்கும் அன்றைக்கு அவளை நாலு அறை அறையலாமா என்றுதான் இருந்தது.

கரிச்சான் என்பது குதிரை. எங்கள் பரளச்சிப் பக்கத்தில் கோயில் பொங்கல் என்றால் மாட்டுவண்டிப் பந்தயமும் குதிரைவண்டிப் பந்தயமும் இல்லாமல் நடக்காது. முத்துத்தாயின் புருஷன் வீரணனுக்குக் கரிசலில் மூன்று ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் கொத்துமல்லி விதைப்பார், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார். அநேகமாகக் கரிமூட்டம்தான். அந்தக் கரியை அருப்புக்கோட்டைக்கு ஏற்றிப்போவது என் லோடு வண்டி. பந்தய நாளில் அதே வண்டியைக் கழுவிவிட்டுக் குதிரையை ஏற்றுவேன். 'சங்கையா வண்டியில ஏறுனா வெள்ளக் குதிரையும் கறுப்பாத்தான் எறங்கும்' என்று கடைத்தெருவில் கேலி உண்டு. கரிச்சானுக்கு அந்தப் பயம் இல்லை, அது பிறவிக் கறுப்பு.

மூட்டம் போட்டவன் வீட்டில் உட்கார முடியாது. மண் பூச்சில் ஓரிடம் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் அத்தனை விறகும் சாம்பலாகிவிடும். வீரணன் காலையும் மாலையும் மூட்டத்தடியில் கிடப்பார். அதனால் குதிரைக்குக் கொள்ளு அவிப்பது, சோளத்தட்டை வெட்டிப் போடுவது, தேய்த்துவிடுவது எல்லாம் முத்துத்தாய் கைவேலை. குட்டியாக வாங்கி வந்த நாளிலிருந்து அப்படித்தான். அவள் தண்ணீர்க் குடத்தோடு வரும் சத்தம் கேட்டால் கரிச்சான் தெருமுனைக்கே கேட்கிற மாதிரி கனைக்கும். பந்தயத்தில் ஜெயித்தால் மாலை மட்டும் வீரணன் கழுத்துக்கு. அதைப் பற்றி அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

குறை வந்தது பிருந்தா வந்த பிறகு.

பிருந்தா வீரணனுக்கு அத்தை மகள். அந்தக் காலத்தில் ரெண்டு பேருக்கும் பேசி வைத்திருந்தார்கள். பிளஸ் டூவில் அவள் எடுத்த மார்க்கைப் பார்த்துவிட்டு அவளுடைய அப்பா, மாட்டு டாக்டருக்குப் படிக்க வைக்கிறேன் என்று வெளியூர் அனுப்பிவிட்டார். பேச்சு அதோடு நின்றது. வீரணனுக்கு எங்கள் முத்துத்தாயைக் கட்டினார்கள். பதினெட்டு வருஷம் கழித்து, இரண்டு பிள்ளைக்குத் தாயாக, பிருந்தா மாற்றலாகி எங்கள் பக்கத்துக்கே கால்நடை டாக்டராக வந்து இறங்கினாள். வந்த முதல் வாரமே குதிரைக்குத் தடுப்பூசி போட வந்தாள். "வாங்க டாக்டரம்மா" என்று முத்துத்தாய் கூப்பிட, உள்ளேயிருந்து வந்த வீரணனைப் பார்த்து அவள், "நல்லா இருக்கீகளா அத்தான்?" என்றாள். அந்த ஒரு 'அத்தான்' போதாதா?

"ஊசி குருதைக்கு, சரி. குருதையக் குளிப்பாட்டுறோம், அதுவும் சரி. இவுக எதுக்குண்ணே சவரம் பண்ணி, தேச்ச சட்டையப் போட்டுக்கிட்டு நிக்காக?" என்று முத்துத்தாய் என்னிடம் கேட்டாள். நான் சிரித்தேன். சிரித்தது தப்பு. பொறாமைக்காரியிடம் சிரிப்பது எரிகிற மூட்டத்தில் ஓட்டை போடுகிற மாதிரி.

போன மாசிக் கடைசியில் பிருந்தா ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். குதிரைக்கு வேர்வையில் தண்ணீர் மட்டும் போகாது, உப்பும் சேர்ந்து போகும், மனுஷ வேர்வையைவிட அதன் வேர்வையில் உப்பு அதிகம், பந்தயத்துக்கு முந்தின பத்து நாளும் காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று இந்தப் பொட்டலத்தைக் கொள்ளில் பிசைந்து வை, பக்கத்தில் எந்நேரமும் தண்ணீர் இருக்கட்டும் என்று. கூடவே இருபது பொட்டலம் உப்புப் பொடி. வீரணன் அந்தத் தாளைச் சோற்றுப் பருக்கையால் கொட்டகைத் தூணில் ஒட்டினார். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றைக்கு என்று கேட்டால் தலையைச் சொறிகிற மனிதர், போகும்போது ஒரு தடவை வரும்போது ஒரு தடவை அந்தத் தாளைப் படித்தார். முத்து முத்தான அழகான எழுத்து. முத்துத்தாய் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். அவளும் படித்தாள்.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் காப்புக் கட்டினார்கள். முளைப்பாரி போடுகிற பெண்கள் அது கண்மாயில் கரைகிற வரைக்கும் உப்பில்லாமல்தான் சாப்பிடுவார்கள். முத்துத்தாயும் முளைப்பாரி போட்டிருந்தாள். அன்றைக்கு மஞ்சள் துணி ஒன்றைக் கிழித்துக் கரிச்சான் காலிலும் கட்டினாள். 'எனக்கு இல்லாத உப்பு அதுக்கு எதுக்கு, ஆத்தாளுக்கு நேந்த குருதை, அதுவும் வெரதம் இருக்கட்டும்' என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாளாம். பின்னால் என் வீட்டுக்காரியிடம் அவளே சொன்னது. எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் எந்தக் குதிரையும் விரதம் இருந்ததில்லை. முதல் நாள் காலையில் மட்டும் ஒரு பொட்டலம் பிசைந்தாள். மீதி பத்தொன்பதையும், கொள்ளு கொட்டி வைக்கிற மண் குலுக்கைக்குப் பின்னால் செருகி வைத்தாள். கேட்டபோதெல்லாம் "வச்சாச்சு" என்றாள்.

பந்தயம் பக்கத்து ஊரில். ஏழு மணிக்கு என்று சொன்னது, பெரிய மாடு, சின்ன மாடு எல்லாம் ஓடி முடிந்து குதிரைக்கு வரும்போது ஒன்பது தாண்டிவிட்டது. பங்குனி வெயில் ஒன்பது மணிக்கே தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. கரிச்சான் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீரைச் சரியாகக் குடிக்கவில்லை. வண்டியில் ஏற்றிய பரபரப்பு என்று நினைத்தோம். போக நாலு மைல், வர நாலு மைல். ஓட்டுகிற சாரதி செல்லப்பாண்டி. போகும்போது கரிச்சான் முதல். திரும்பும்போதும் கடைசி மைல் வரைக்கும் முதல். பிறகு என்ன ஆனதோ, கொடி தெரிகிற தூரத்தில் நடை குழைந்து, மூன்றாவதாக வந்து நின்றது.

வண்டியை அவிழ்த்துப் புளியமரத்து நிழலுக்குக் கொண்டுபோனோம். அரை மணி நேரம் ஆகியும் இரைப்பு அடங்கவில்லை. வேர்வை காய்ந்து உடம்பெல்லாம் வெள்ளைப் பொருக்கு. தலை தொங்கிவிட்டது. தண்ணீர் வாளியை மூக்குக்குக் கீழே வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும்விட விலாதான் பயமுறுத்தியது. உள்ளே யாரோ உட்கார்ந்து சுத்தியலால் தட்டுகிற மாதிரி விலா துடித்தது.

செல்லப்பாண்டி ஒரு சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "சோடா உப்பக் கரைச்சிருக்கேன். வாயத் தெறங்க, ஊத்திவிட்டா சட்டுனு நிமிந்துரும்."

"ஏலே, கீழ வை அத!"

பிருந்தாதான். பந்தயத்துக்கு டாக்டர் நிற்க வேண்டும் என்பது சட்டம். காலையிலிருந்து அவள் அங்கேதான் இருந்தாள். பையைப் போட்டுவிட்டு முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டாள். கிள்ளியது கிள்ளியபடியே கூடாரமாக நின்றது. ஈறை அழுத்திப் பார்த்தாள். காதில் மாட்டிய குழாயை நெஞ்சில் வைத்துக்கொண்டே விலாவில் உள்ளங்கையை வைத்தாள்.

"நெஞ்சு அடிக்க அடிக்க விலாவும் சேந்து துடிக்கு பாருங்க. ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து, மத்த சத்தெல்லாம் எறங்கிப்போச்சுன்னா இப்படி வரும். இதுல சோடா உப்பையும் ஊத்துனீகன்னா கத முடிஞ்சிரும். குடல்லயும் சத்தமில்ல. வாய் வழியா ஒண்ணும் குடுக்க வேண்டாம்."

"பொழைச்சிருமா பிருந்தா?" வீரணனின் குரல் அவருடையதாக இல்லை.

"தண்ணி ஏத்தணும் அத்தான். மனுசருக்கு ஏத்துற மாதிரி ரெண்டு பாட்டில் இல்ல, இருபது லிட்டராவது. எங்கிட்ட பத்து பாட்டில்தான் இருக்கு, அரை அரை லிட்டரு. சீட்டு எழுதித் தாரேன், அருப்புக்கோட்டைக்குப் போயி பெட்டியா வாங்கியாங்க. வெரசாப் போங்க."

வீரணன் செல்லப்பாண்டியின் பைக்கில் ஏறிப் பறந்தார். பிருந்தா செல்லப்பாண்டியைத் தண்ணீர் இறைக்க அனுப்பினாள். நானும் இன்னும் ரெண்டு பேரும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். பிருந்தா கழுத்தில் ஓரிடத்தில் மயிரை வழித்து, நரம்பை விரலால் அடைத்துப் புடைக்க வைத்து, ஊசியை இறக்கினாள். முதல் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். முத்துத்தாய் முன்னால் வந்தாள்.

காலையில் எங்களோடே வண்டியில் வந்திருந்தாள். அதுவரைக்கும் குதிரையின் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றவள்.

பாட்டிலை மாட்டிவிட்டுப் பிருந்தா மருந்துக் குழாயைத் திறக்காமல் யோசித்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கேன். பொட்டலம் தெனமும் போச்சா?"

முத்துத்தாய் பாட்டிலை இன்னும் உயரத் தூக்கினாள்.

"அத்தான் ஒரு நாளும் விட்டதில்லன்னாக. அதான் எனக்குக் கொழப்பம். பத்து நாளா உப்புத் தின்னுட்டு, நேத்துலருந்து தண்ணி குடிக்காம ஓடியிருந்தா, ரத்தத்துல உப்பு ஏறிக் கெடக்கும். அப்ப இந்தத் தண்ணிய ஏத்துனா இன்னும் கெடுதல். உப்பே சேராம வேர்வையில அத்தனையும் போயிருந்தா, இதத்தான் ஏத்தணும், வேகமா ஏத்தணும். இங்க வச்சு ரத்தம் பாக்க மிசினு இல்லக்கா. நீங்கதான் சொல்லணும்."

நான் முத்துத்தாயைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு போராட்டம் நடந்தது. குதிரை செத்தாலும் சாகட்டும், இவள் முன்னால் தலை குனிவதா என்ற எண்ணம் ஒரு நொடி அங்கே வந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். என் தங்கச்சி முறைதான், இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அப்போது கரிச்சானின் முன்கால் மடங்கித் தள்ளாடியது. அதன் காலில் அவள் கட்டிய மஞ்சள் துணி ஈரத்தில் கறுத்துக் கிடந்தது.

"வைக்கல" என்றாள்.

"எத்தன நாளா?"

"ஒம்பது நாளா. மொத நாளு காலையில வச்சதோட சரி."

"உண்மையாவா?"

"பொட்டலமெல்லாம் குலுக்கைக்குப் பின்னால இருக்கு. போயி எண்ணிக்க."

பிருந்தா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கும் தெரியாமல் இருக்குமா? பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். "கைய எறக்காதீகக்கா. ஒசரமா இருந்தாத்தான் வேகமா எறங்கும்."

பாட்டில் மாற்றி பாட்டிலாக இறங்கியது. நாலாவது பாட்டிலில் சுண்ணாம்புச் சத்து மருந்தைக் கலந்து, அதை மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டாள். காதில் குழாயை மாட்டி, குதிரை நெஞ்சில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "இது வேகமாப் போனா நெஞ்சே நின்னுரும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பாதி இறங்கும்போதே விலாவின் துடிப்பு தளர்ந்தது. முழுக்க இறங்கியபோது நின்றுவிட்டது. நான் "ஆத்தா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

நான் பாட்டிலை வாங்கப் போனால் முத்துத்தாய் தரவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு கை மாற்றிக் கை மாற்றி நின்றாள். "ஒரு வாய் காப்பி குடிக்கீகளாக்கா?" என்று பிருந்தா கேட்டாள். "வேண்டாம்" என்றாள். "டாக்டரம்மா" என்று கூடச் சேர்க்கவும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு வீரணன் ரெண்டு பெட்டியோடு வந்து இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விலா அடங்கியிருப்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எதுனால பிருந்தா இப்படி ஆச்சு? நீ எழுதுனபடி ஒண்ணு விடாமச் செஞ்சோமே."

பிருந்தா முத்துத்தாயைப் பார்க்காமலே சொன்னாள். "வெயிலு அத்தான். ஏழு மணிக்கு ஓட வேண்டியத ஒம்பதுக்கு மேல ஓடவிட்டா எந்தக் குருதை தாங்கும்? யாரு தப்பும் இல்ல."

எனக்குப் பெரிய நிம்மதி. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். ஆனால் முத்துத்தாயின் முகம் இருந்த இருப்பு! குதிரை விழுந்தபோதுகூட அப்படி இருக்கவில்லை. தன் குற்றம் அந்தப் பெண்ணின் முந்தானையில் முடிச்சாக இருக்கிறது, இனி ஆயுசு முழுக்க அவள் அதை அவிழ்க்காமல் வைத்திருப்பாள், அவள் 'அக்கா' என்று கூப்பிடும்போதெல்லாம் இவள் அந்த முடிச்சைப் பார்க்க வேண்டும். முத்துத்தாய் புருஷனைக்கூட விட்டுக்கொடுத்திருப்பாளோ என்னவோ, தன் குற்றத்தை அவள் கையில் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"வெயிலு இல்ல" என்றாள், பாட்டிலை இறக்காமல்.

"அக்கா, விடுங்க..."

"நீ சும்மா இரு தாயி. எனக்காக நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம்." வீரணனைப் பார்த்தாள். "நாந்தான் உப்பு வைக்கல. ஒம்பது நாளா வைக்கல. கேட்டப்பல்லாம் வச்சேன்னு சொன்னது பொய்யி."

"ஏன்?"

"இவ எழுதிக் குடுத்தத நான் வைக்கணுமான்னு வைக்கல."

புளியமரத்தடியில் இருபது பேராவது நின்றோம். வீரணன் எழுந்து வந்தார். அடித்துவிடுவார் என்று நான் நடுவில் போய் நின்றேன். அவர் அவளைத் தாண்டிப் போய்ப் பெட்டியைப் பிரித்து அடுத்த பாட்டிலை எடுத்துப் பிருந்தாவிடம் கொடுத்தார். அடித்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மூன்று மணி சுமாருக்குக் கரிச்சான் பின்காலை அகட்டி வைத்து மூத்திரம் பெய்தது. முதலில் காப்பித் தண்ணீர் நிறம், போகப் போகத் தெளிந்தது. "போதும்! இனி பயமில்ல!" என்று பிருந்தா கை தட்டினாள். ஒரு குதிரை மூத்திரம் பெய்ததற்கு இருபது ஆம்பிளைகள் விசில் அடித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முத்துத்தாய் அப்போதுதான் கையை இறக்கினாள். விரல்கள் மடங்கவில்லை.

"ராவிக்கு ரெண்டு வாளி வையுங்க" என்றாள் பிருந்தா, பையைக் கட்டிக்கொண்டே. "ஒண்ணுல வெறும் தண்ணி, ஒண்ணுல உப்புப் போட்டது. எது வேணும்னு அதுக்கே தெரியும். கொள்ளு கொஞ்சமாக் குடுங்க. ஆறு மாசத்துக்குப் பந்தயம் பேச்சே கூடாது." யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நடுவில் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது வீரணன் பின்னால் குதிரையோடு நின்றுகொண்டார், முத்துத்தாய் முன்னால் என் பக்கத்தில். எங்கள் ஊர் எல்லையில் கொட்டுச் சத்தம். முளைப்பாரி ஊர்வலம் கண்மாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது நாள் உப்பில்லாமல் கிடந்து வளர்த்த அவளுடைய பாரியை என் வீட்டுக்காரி சுமந்து போனாள். வண்டியை நிறுத்தட்டுமா என்றேன். "வேண்டாம்ணே. எந்த மொகத்தோட சொமக்க? போங்க" என்றாள்.

பொழுது இறங்கும் நேரத்தில் கொட்டகைக்கு வந்து சேர்ந்தோம். குதிரையைக் கட்டிவிட்டு வீரணன் தூணுக்குப் போனார். தாளின் மேல் விளிம்பில் நகத்தை வைத்தார்.

"கிழிக்காதீக" என்றாள் முத்துத்தாய்.

அவர் கையை எடுக்காமல் நின்றார். பிறகு தூணைப் பார்த்தே பேசினார். நான் அங்கே இருந்திருக்கக் கூடாது, ஆனால் இருந்தேன்.

"நீ நெனச்சது முழுக்கப் பொய்யில்ல. மருந்துக் கட சீட்டா இருந்தா நான் இப்படி ஒட்டிப் படிச்சிருக்க மாட்டேன். அவ கையெழுத்துன்னுதான் படிச்சேன். படிச்சதுல பாதி நேரம் குருதையக் கவனிச்சிருந்தா, உப்பு திங்குதா இல்லையான்னு எனக்கே தெரிஞ்சிருக்கும்."

முத்துத்தாய் அழுவாள் என்று பார்த்தேன். பதினெட்டு வருஷம் கழித்துப் புருஷன் வாயால் வந்த வார்த்தை. அவள் குலுக்கைக்குப் பின்னால் கையை விட்டுப் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு வந்து போட்டாள். அவித்த கொள்ளில் ஒன்றைப் பிரித்துக் கொட்டினாள். தாளின் பக்கம் திரும்பாமலே வரி வரியாகச் சொல்லிக்கொண்டு பிசைந்தாள். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நல்லாப் பெசறி வைக்கவும். பக்கத்துல எந்நேரமும் தண்ணி இருக்க வேண்டும். திங்காம விட்டா உடனே சொல்லவும்." ஒரு எழுத்து பிசகவில்லை. கீழே போட்டிருந்த கையெழுத்து, தேதி வரைக்கும் சொன்னாள்.

"ஒனக்கு அம்புட்டும் மனப்பாடமா?" என்றார் வீரணன்.

"எனக்கும் மனப்பாடம், ஒங்களுக்கும் மனப்பாடம். குருதைக்குத்தான் ஒண்ணும் வந்து சேரல."

வீரணன் தாளை விட்டுவிட்டு ரெண்டு வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். ஒன்றில் உப்பைக் கரைத்து ஒன்றை அப்படியே விட்டு, அருகருகே கொண்டுவந்து வைத்தார். முத்துத்தாய் குனிந்து கரிச்சான் காலில் இருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தாள். குதிரை வெறும் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு, உப்புப் போட்ட வாளியில் வாயை வைத்து, வைத்த வாயை எடுக்காமல் குடித்தது.